பனிச்சங்கேணிக்குப் போன பூங்கொத்து

வாழைச்சேனையில் நான் பூக்கடை வைத்திருந்தபோது, காலையில் சொன்னால் பொழுதுபடுவதற்குள் பூ வீடு வந்து சேரும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அது என் வாய்க்கொழுப்பு. மலைநாட்டிலிருந்து பூ பஸ்ஸில் வந்து இறங்கவேண்டும், ஓட்டோ கிடைக்கவேண்டும், சோதனைச் சாவடியில் நிற்கிறவனுக்கு அன்றைக்கு நல்ல மனம் இருக்கவேண்டும். ஆனால் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. ஊருக்கு வர முடியாதவர்கள், பூவையாவது அனுப்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் அனுப்பியதில் பெரும்பங்கு செத்தவீட்டுக்குத்தான். சுனாமியில் கடல் வந்து போன பிறகு அந்தக் கரை முழுக்க மலர்வளையம் கொண்டு போன ஓட்டோ எங்களுடையது. சண்டை நடந்த காலத்திலும் அதுவே ஓடியது. பச்சை ஓட்டோவைக் கண்டால் சிறுபிள்ளைக்கும் விசயம் விளங்கும். எனக்கு இது பெருமையான தொழிலாக ஒருநாளும் தோன்றியதில்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம் கனடாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“அக்கா, இண்டைக்கு அம்மாட பிறந்தநாள். பனிச்சங்கேணியில இருக்கிறா. இண்டைக்கே குடுத்திருவீங்களா?”

சொல்லிக்கொண்டே அழுதாள். அப்பாவைக் கடல் கொண்டுபோனது. தேடித் திரிந்தவர்கள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்து வந்தார்கள், அம்மா தன் கையாலேயே குளிப்பாட்டிய பிறகு அடக்கம் செய்தார்கள். தம்பி கடைசிச் சண்டையில் காணாமற் போனான். அவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா எந்த அலுவலகப் படியையும் விட்டு வைக்கவில்லை. இப்போது தொலைபேசியில் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு சரி.

“ஒரு நாளைக்காவது அவக்கு மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டு பாக்கன் அக்கா.”

செத்தவீட்டு வெள்ளைப் பூ ஒன்றுகூட வைக்கவில்லை. சிவப்பு ரோசாவும் மஞ்சள் ஜெர்பராவும் சேர்த்து, மினுங்கும் தாளில் சுற்றி, நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். சாவடியில் ஒரு சிப்பாய் கொத்துக்குள் விரலை விட்டுத் துழாவினான். இரண்டு ரோசா தலை சாய்ந்தது.

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டியதும் ஓட்டோக்காரர் ஒரு கடையில் நிறுத்தி, பூக் கொண்டு வந்திருக்கிறோம் என்று சொல்லி, அந்த அம்மாவின் வீட்டுக்கு வழி கேட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் பக்கம் கோயிலுக்கு வேலிப் பூ, கலியாணத்துக்குச் சொந்தக்காரர் கட்டும் மாலை. பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவதை யார் கண்டார்? கடைக்காரன் முகம் மாறியது. ஒருவன் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு பறந்தான்.

நாங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது வேலிக்கம்பில் ஒருவர் செத்தவீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் தலைவிரி கோலமாக ஓடி வந்தார்கள். ஒருத்தி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“கத்தாதீங்க! ஒருத்தரும் சாகல்ல. இது பிறந்தநாள் பூ!”

கேட்டால்தானே!

அந்த அம்மா குடிசையிலிருந்து வெளியே வந்தார். அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது.

“அவன எங்க கண்டெடுத்த புள்ள? முகம் தெரியுதா? குளிப்பாட்ட விடுவாங்களா?”

மெதுவாகச் சொன்னேன்: “அம்மா, தம்பியப் பத்தி ஒண்டும் தெரியாது. மகள் கனடாவில இருந்து அனுப்பினவ. உங்களுக்கு இண்டைக்குப் பிறந்தநாளாம்.”

அழுதவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ஒருத்தி, “அப்ப அவன் உசிரோட இருக்கான் அக்கா, கும்பிடு!” என்று அவர் தோளை உலுக்கினாள். வெள்ளைத் துணி கட்டியவர் சத்தமில்லாமல் அதை அவிழ்க்கத் தொடங்கினார். எல்லோருக்கும் நல்ல செய்திதான். எனக்கும் அப்படித்தான் பட்டது, கொஞ்ச நேரம்.

அந்த அம்மா மணலில் அப்படியே குந்திவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். பூவை அவர் மடியில் நான் வைத்த பிறகுதான் அழுதார், தோள் குலுங்கக் குலுங்க. பயந்துபோய்ப் பதறி அழுகிறார் என்று நினைத்து, “ஒண்டும் நடக்கல்லம்மா, ஒண்டும் நடக்கல்ல” என்று முதுகைத் தடவினேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“மகளிட்டச் சொல்லாத புள்ள. அவன் கிடைச்சிட்டான் எண்டு நினைச்சன். கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியா இருந்திச்சி.”