தேங்காய் மணக்கும் சொட்டு

வில்பெர் தூஸ் அந்த ஊரிலிருந்து மெரிதா நகரத்துக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள். சுற்றுச்சூழல் பொறியியல். திரும்பி வந்த இன்ஜினியருக்கு ஊர்க்கூட்டம் ஒரு விசில் கொடுத்தது. வேலை, வருகிறவர்களின் கழுத்தை மோந்து பார்ப்பது.

ஊரிலிருந்த செனோத்தே, பாறை உள்வாங்கி உண்டான குகைக்குளம். நீந்தவும், மூச்சுக்குழாய் மாட்டி மிதக்கவும், சிலிண்டர் கட்டி முக்குளிக்கவும் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். வெயில் கிரீமோடு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. குகைக்கு மேலே வில்பெரே வரைந்து கட்டிய குளியலறையில் குளித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். வாசனை மிச்சமிருந்தால் விசில். ஊர்த்தலைவர் ஃபுல்ஹென்சியோவின் மருமகளையே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறான்.

வாசலில் பனூச்சோ ரொட்டி பொரித்து விற்கும் அவன் அம்மா லாந்தி, வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வாள்: "பட்டம் வாங்கின மூக்கு. ஏமாத்த முடியாது."

குகைக்கூரையில் ஓரிடத்தில் தண்ணீர் சொட்டியது. குளியலறை கட்டிய வருஷம்தான் அது தொடங்கியது. மழைத் தெய்வத்தின் கண்ணீர் என்றார்கள் வழிகாட்டிகள். பயணிகள் மூச்சுக்குழாயைக் கழற்றிவிட்டு அதன் கீழே வாயைத் திறந்துகொண்டு மிதந்தார்கள். லாந்தி ஒரு பாட்டிலில் பிடித்து, சாமி மேடையில் மகனின் பட்டமளிப்புப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் வில்பெர் நீந்தப் போனான். சொட்டு மூக்கின்மேல் விழுந்தது. மூக்கு தன் வேலையைச் செய்தது. தேங்காய் கிரீம். காலையில் திருப்பி அனுப்பிய ஜெர்மன்காரரின் கழுத்து.

மேலே ஓடிக் குளியலறைக் குழாயை அடைத்தான். சொட்டு மெலிந்து நின்றது. திறந்தான். கொஞ்ச நேரத்தில் தெய்வம் மறுபடி அழத் தொடங்கியது.

கழிவுநீரைப் பாறையிலிருந்த ஒரு பொந்துக்குள் விட்டது அவன்தான். எவ்வளவு விட்டாலும் குடித்துவிடுகிறதே என்று அப்போது பூரித்துப்போனான். எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. சல்லடைப் பாறைமேல் பிறந்து, அந்தப் பாறையைப் பற்றியே பரீட்சை எழுதித் தேறியவன்.

அம்மாவிடம் சொன்னான்.

"வெளியில சொல்லாதடா. கட்டினது யாருன்னு ஊருக்கே தெரியும்."

"சாமி மேடையில நீ வச்சிருக்கறது சாக்கடைம்மா."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். உன்னை இன்ஜினியர்னு கூப்பிடறாங்களே, அது போயிடும்."

அவனுக்கும் அந்தப் பயம்தான். வாயை மூடிக்கொண்டு விசிலை மட்டும் ஊதினான். கர்ப்பிணி ஒருத்தி கையேந்திக் குடிப்பதைப் பார்த்த அன்று, ஊர்க்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஃபுல்ஹென்சியோ பொறுமையாகக் கேட்டார். "தம்பி, குளியலறைய மூடினா, கிரீமோட இறங்க விடறோம்னு அதிகாரிங்க வருவாங்க. பொந்தை அடைச்சா சாமி போயிடும். ரெண்டும் நல்லாத்தானே ஓடுது?"

"அது சாமி இல்ல தலைவரே. உங்க மருமக கழுத்துல பூசினது."

விசிலைப் பிடுங்கி அந்த மருமகளிடமே கொடுத்தார்கள். அவளுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். இன்ஜினியர் என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

வில்பெர் வீட்டுத் தொட்டியை உருட்டிக்கொண்டு போய்க் கழிவுக்குழாயை அதில் திருப்பிவிட்டான். சொட்டு நின்றது. அவன் வாய்க்கொழுப்பால் தெய்வம் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்றது ஊர். குழாயைப் பழையபடி திருப்பிவிட மட்டும் யாரும் துணியவில்லை. திருப்பி, தெய்வமும் திரும்பி வந்துவிட்டால் அவன் சொன்னது உண்மையாகிவிடுமே.

மிச்சமிருந்த தீர்த்தம் லாந்தியின் பாட்டிலில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுல்ஹென்சியோ நொண்டிக்கொண்டு வந்தார்.

"முட்டி வலி தாங்கல லாந்தி. ஒரு கரண்டி குடு, தேய்ச்சுக்கறேன்."

லாந்தி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. "இத நீங்க எங்கிட்ட கேக்கக் கூடாது. எம்மவனக் கேளுங்க. அவன முன்ன என்னன்னு கூப்பிடுவீங்க?"

அவர் கதவோரம் நின்றிருந்த வில்பெரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்ஜினியர்."

"சத்தமா."

"இன்ஜினியர்."

மூடியைத் திறந்தாள். நின்ற இடத்திலேயே வில்பெருக்குத் தேங்காய் மணத்தது.