திரையில் தெரிந்த மஞ்சள்

திரையில் நிறம் சந்தேகமாகத் தெரிந்தால் அசல் துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தபோது இந்த விதியை எழுதியவனே நான்தான்.

ஓய்வுக்குப் பின் பேத்தியின் காதுகுத்து வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தேன். நிறம் துல்லியமாகத் தெரியத் தனி மானிட்டரும், அதற்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டும் தேவை. என் மென்பொருளுக்குப் பொருந்தும் கார்டுகளின் பட்டியலை வரிவரியாகப் படித்துத்தான் ஒன்றை வாங்கினேன். மாட்டியதும், மானிட்டரில் என் மனைவியின் முகமும் கண்களும் மஞ்சளாகத் தெரிந்தன.

நாற்காலிக்குப் பின்னால் நின்று அவளும் பார்த்தாள்.

"ஏனுங்க, மத்தவங்கெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கறாங்க. எனக்கு மட்டும் மஞ்சத்தண்ணி ஊத்துதே உங்க கார்டு?"

"கார்டு பொருந்தல அம்மிணி. கம்பெனிக்கு எழுதியிருக்கறேன், பதில் வரட்டும்."

"ஆமாங்க, கம்பெனிக்காரன் சொன்னாத்தான் நம்புவீங்க" என்று சிரித்தாள். நான் திரும்பவில்லை. அவள் முகத்தில் மட்டும் மஞ்சளைக் குறைத்தேன். நன்றாகவே வந்தது.

அவள் மயங்கி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்லீரல் முற்றிலும் கெட்டிருந்தது. "கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமேங்க" என்றார் டாக்டர்.

இப்போதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் பின்னால் நிற்பதுபோலவே இருக்கிறது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வீடியோவில் அவள் கண்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன.

கார்டு பொருத்தமானதுதான், நிறங்களும் சரியாகவே வருகின்றன என்று கம்பெனியின் பதில் வந்தது, அவள் கருமாதியன்று.