முதல்வாய்க்காரர்

பசிபிக் கடலில் ஃபுனாஃபுட்டித் தீவின் தென்கோடியில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காயலின் பவளத் திட்டில் பிடித்த பெரிய மீன் விருந்துக்கு வந்தால், முந்தைய நாள் சாயங்காலமே அதன் ஈரலில் ஒரு துண்டை ஒருவர் தின்ன வேண்டும். மறுநாள் காலையில் அவர் கைகால் விளங்க எழுந்து, ஊர் மண்டபத்துக்கு நடந்து வந்து, "சாப்பிடலாம்" என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் பொறுப்புக்கு முதல்வாய் என்று பெயர். பதினேழு வருஷமாக முதல்வாய் சுமியோதான்.

அவர் வயிற்றின் புகழ் அப்படி. வாலிபத்தில் உப்பிப்போன டின் மாட்டிறைச்சியைப் பந்தயத்துக்குத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டவர். ஆனால் அந்த வயிற்றை எடுத்துவிட்டால் சுமியோவிடம் மிச்சம் என்ன என்று யோசித்தால் கஷ்டமாகத்தான் இருக்கும். பன்றிகள் உண்டு, காணி கிடையாது. மகன் வெளிநாட்டுக் கப்பலில். பாட்டு வராது, ஆட வந்தால் கால் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் மண்டபத்தில் நடுத்தூணில் சாய்ந்து உட்காரும் இடமும், விருந்தில் முதல் தட்டும் கிடைத்தது என்றால் அது முதல்வாய் என்பதால்தான். அந்தத் தூண்தான் அவர் மானம்.

விஷயம் என்னவென்றால், கடைசி ஆறு வருஷமாக அவர் எந்த ஈரலையும் தின்னவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தனியாகத் தூண்டில் போட்டுப் பிடித்த ஒரு களவா மீனை, யாருக்கும் பங்கு கொடுக்காமல் கரையிலேயே சுட்டுத் தின்றார். பேராசைக்குக் கூலி உடனே வந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் நாக்கு வெந்தது. கொதிக்கும் தேநீர் ஜில்லென்று இறங்கியது. பற்கள் கழன்று ஆடுவதுபோல் இருந்தது, உள்ளங்கால் அரித்தது. மூன்று வாரம் "முதுகுப் பிடிப்பு" என்று சொல்லிப் பாயில் கிடந்தார். மனைவி செபோலாவும் நம்பி முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தாள். உண்மை தெரிந்தவள் நர்ஸ் ஒருத்திதான். "ஒரு தடவை ஏறின விஷம் இது. மறுபடி தின்னீங்கன்னா இதவிட மோசமா புடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவளும் வேறு தீவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அன்றிலிருந்து சுமியோவுக்கு மீன் என்றாலே குலை நடுக்கம். திட்டு மீன், ஆழ்கடல் மீன் என்ற வித்தியாசமே கிடையாது.

அதனால் ஈரலை மந்திரி தின்றது. மந்திரி என்பது செபோலாவின் பூனை. எல்லாருக்கும் முன்னால் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தூங்குவதால் அந்தப் பெயர். காலையில் சுமியோ அதன் விலாவில் கால் கட்டைவிரலால் ஒரு குத்து விடுவார். ஒரு கண்ணைத் திறந்து முறைத்தால் மீன் நல்ல மீன். இரண்டு தடவை மந்திரி வாந்தி எடுத்து விழுந்து கிடந்தது. அந்த இரண்டு தடவையும் சுமியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் மண்டபத்தில் உருண்டார். ஊரே கண் கலங்கியது. பாதிரியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். நடிப்பில் அவருக்கு இருந்த திறமையில் கால்வாசி ஆட்டத்தில் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரில் பெரிய பன்றிப்பட்டி அவருடையது. பதினெட்டு உருப்படி, காயல் விளிம்பில் சிமெண்டுத் தளத்தில். காலை ஜெபம் முடிந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தளத்தைக் கழுவுவார். எல்லாம் நேராகக் காயலுக்குள் இறங்கும். அவர் மட்டுமா? வரிசையாக எல்லாப் பட்டியும் அப்படித்தான். போதாக்குறைக்குப் பிள்ளைகளின் டயப்பரும் கிழிந்த பைகளும் அங்கேதான் மிதக்கும். மீன் ஆபீஸிலிருந்து தெமுகிசா என்ற பெண் மாதம் ஒருமுறை இடுப்பளவு தண்ணீரில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவாள்.

"அண்ணே, பவளமெல்லாம் செத்துப்போச்சு. மேல பச்சப் பாசி மண்டிக் கெடக்கு, பாத்தீங்களா?" என்றாள் ஒருநாள்.

"பாசி நல்லதுதானே தங்கச்சி, மீனுக்குத் தீனி. நான் பன்னிக்கு மட்டுமா தீனி போடுறேன், கடலுக்கே போடுறேன்" என்றார் சுமியோ. அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

இந்த வருஷம் மண்டபத்துக்குப் புதுக்கூரை போட்டு விருந்து வைத்தார்கள். செபோலாவின் தம்பி கைட்டு திட்டிலிருந்து ஒரு களவா கொண்டுவந்தான். இரண்டு பேர் தோளில் கட்டி எடுத்துவர வேண்டிய மீன். கைட்டு அதை ஊரைச் சுற்றி மூன்று தெரு தூக்கிவரச் செய்தான். எங்கள் ஊரில் தெருவே இரண்டுதான், ஒன்றில் இரண்டு தடவை வந்தது.

"என்ன மச்சான், இத மெல்ல பல்லு இருக்கா?" என்று சுமியோவின் கையில் ஈரலை வைத்தான்.

"உன் வாயை விட சின்னதுதான்" என்றார் சுமியோ.

ஈரல் வழக்கம்போல் மந்திரிக்குப் போனது. காலையில் கட்டைவிரல் குத்து. மந்திரி ஒரு கண்ணைத் திறந்தது, கொஞ்சம் தாமதமாக. ஞாயிற்றுக்கிழமைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு, சுமியோ மண்டபத்துக்குப் போய்க் கம்பீரமாக "சாப்பிடலாம்" என்றார்.

கோயில் ஜெபம் முடிந்து, பூமாலை எடுக்க வீட்டுக்கு வந்தார். அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மந்திரி வந்தது. முன்கால் இரண்டும் அவரை நோக்கி வந்தன. பின்கால் இரண்டும் பக்கத்து வீட்டுக்குப் போயின. கிண்ணத்துத் தண்ணீரில் நாக்கை வைத்தது. வைத்ததும் சுட்டதுபோல் துள்ளி விழுந்தது. அந்தத் துள்ளல் சுமியோவுக்கு நன்றாகத் தெரிந்த துள்ளல்.

எடுத்த மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. போகிற வழியெல்லாம் நாய்கள் துணைக்கு வந்தன.

மண்டபத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மீனை இலையிலிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். கைட்டு தன் ஐந்து வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, கன்னச்சதையைப் பிட்டு ஆற்றிக்கொண்டிருந்தான். பாதிரியார் ஜெபத்தின் கடைசி வரிக்கு வந்துவிட்டார்.

"தின்னாதீங்க!" என்று கத்தினார் சுமியோ. "மீன் கெட்டது!"

ஆமென் பாதியில் நின்றது. ஊர்த்தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "காலைல நல்லதுன்னியே?"

"இப்ப கெட்டது."

"வெந்த பெறகு கெட்டுச்சா?" கைட்டு எழுந்தான். "எனக்குத் தெரியும் மச்சான். இவ்வளவு பெரிய மீனு என் கையால வந்துட்டுதுன்னு உனக்குப் பொறுக்கல."

"கைட்டு, சத்தியமா சொல்றேன், அது விஷம்."

"விஷமா? நேத்து சாயங்காலம் ஈரலையே முழுங்கினவன் நீ. விஷம்னா பாயில கெடக்கணுமே? குதிர மாதிரி ஓடி வந்து நிக்கிற!"

மண்டபம் சிரித்தது. நியாயமான கேள்விதானே? மீன் நல்லது என்பதற்கு சுமியோவே சாட்சியாக நின்றுகொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்து உருளலாமா என்று ஒரு கணம் யோசித்தார். இத்தனை மூச்சிரைப்புக்கு நடுவில் அது எடுபடாது. நடுத்தூணைப் பார்த்தார். அவருக்குப் போட்ட பாய் அங்கே காலியாக இருந்தது, முதல் தட்டும் வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தை வாயைத் திறந்துகொண்டு கைட்டுவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் தின்னல!" என்றார். "நேத்தும் தின்னல. ஆறு வருஷமா தின்னல. எல்லாத்தையும் பூனைதான் தின்னுச்சு!"

கைட்டுவின் விரல் குழந்தையின் உதட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அப்போது வாசலில் செபோலா. கையில் மந்திரி. அவள் அழுத அழுகையில் கழுத்து மாலையெல்லாம் நனைந்திருந்தது. "யோவ்! என் பூனைக்கு என்னய்யா குடுத்த?" என்றபடி பூனையைத் தரையில் விட்டாள். மந்திரி ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நான்கு அடி நடந்தது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அதற்குமேல் யாரும் சாட்சி கேட்கவில்லை.

மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். விருந்துக்கு டின் மாட்டிறைச்சியும் சோறும் வந்தது.

"ஆறு வருஷமா நாங்க பூனை சொன்னதக் கேட்டா தின்னோம்?" என்று தலைவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

விருந்துக்கு வந்திருந்த தெமுகிசா எழுந்தாள். "தலைவரே, பூனைய விடுங்க. விஷம் எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. பன்னிப் பட்டி கழுவுன தண்ணி காயலுக்குள்ள போவுது. அதுல பாசி கொழுக்குது. பாசியோட கண்ணுக்குத் தெரியாத விஷப்பூச்சி ஒட்டியிருக்கு. சின்ன மீனு பாசிய மேயுது. நூறு சின்ன மீன ஒரு நடுத்தர மீனு திங்குது. அதுல நூற களவா திங்குது. ஒவ்வொரு படியிலயும் விஷம் ஏறிக்கிட்டே போவுது. களவாவுக்கு ஒண்ணும் ஆவாது. அதத் திங்கிறவங்களுக்குத்தான்."

கொஞ்ச நேரம் ஊர் அந்தப் படிகளில் ஏறி இறங்கியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்: "அப்படின்னா, பூனைக்கு முன்னால சுமியோ தின்னதெல்லாம் அவன் பன்னியோட..."

"கொஞ்சம் சுத்தி வந்திருக்கு" என்றாள் தெமுகிசா.

அப்போது எழுந்த சிரிப்பில் புதுக்கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம். சுமியோ சிரிக்கவில்லை. நடுத்தூணிலிருந்து எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சிரித்துக்கொண்டேதான் பாவப்பட்டேன்.

பட்டிகளைக் காயல் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, சாணிக்குக் குழி வெட்ட வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது. வழக்கம்போல ஒவ்வொருவரும் அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். சுமியோ மறுநாளே தொடங்கினார். பதினெட்டுப் பன்றிகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இழுத்துப்போனார். மூன்றாவது பன்றி அவரை இழுத்துப்போனது.

மிச்ச நேரமெல்லாம் மந்திரியோடுதான். தண்ணீர் ஏன் சுடுகிறது என்று அந்தப் பூனைக்குத் தெரியாது; அவருக்குத் தெரியும். கிண்ணத்தை வெயிலில் வைத்து, வெதுவெதுப்பானதும் விரலை விட்டுப் பார்த்து, அதன் வாயருகே பிடிப்பார். "மெல்ல குடி, மெல்ல. மூணு வாரந்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்பார். செபோலா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். முதுகுக்குத் தேய்த்த எண்ணெய்க்கெல்லாம் அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. அன்றைக்கு அவரோடு மறுபடி பேசத் தொடங்கினாள், திட்டத்தான்.

நான்காவது வாரம் கைட்டு வந்தான். சுமியோவின் முகத்தைப் பார்க்காமல் வாழையிலைப் பொட்டலத்தைத் தரையில் வைத்தான்.

"சூரை. வெளிக்கடல்ல புடிச்சது. இதுல அந்த விஷம் வராதுன்னு தெமுகிசா சொன்னா."

"நான் மீனு திங்கிறதில்ல மச்சான்."

"உனக்கு யாரு குடுத்தா? பூனைக்கு." பிறகு இலையின் முடிச்சை அவிழ்த்தான். "என் பேத்திக்காக."

மந்திரி நிமிர்ந்து நடந்து வந்தது. பொட்டலத்தை மோந்து பார்த்தது. இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, சுமியோவைப் பார்த்தது. அவர் இலையை அருகே தள்ளினார். இன்னும் ஒரு அடி பின்னால் போனது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"என்ன மச்சான், உன்னத் தின்னச் சொல்லுது" என்றான் கைட்டு.

சுமியோ இலையருகே உட்கார்ந்தார். ஒரு துண்டு பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். கைட்டுவும் பூனையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்துக் குடித்தார். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ஆனாலும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் காலைவரை இலையை மூடியே வைத்திருந்தார். விடிந்ததும் கைகால் விளங்க எழுந்து, மந்திரியின் முன்னால் போய் நின்று, "சாப்பிடலாம்" என்றார்.

மந்திரி சாப்பிட்டது.