தீய்ந்த சாம்பாரும் மூன்று கிளாஸ் வைனும்

முதலில் ஒரு மன்னிப்பு.

மூன்று மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? நான் அடிப்பிடிக்க விட்ட சாம்பாரை முகம் சுளிக்காமல், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட உத்தமர் என்று. "இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று ஈப்போ வாசகி ஒருவர் எழுதினார். "எங்க வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு பறக்கும்" என்று கிள்ளானிலிருந்து இன்னொருவர்.

அந்தப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் வைனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டீச்சரும் வைனுமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் கேமரன் மலையில், தானா ராத்தாவில் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் சண்முகம், பக்கத்து எஸ்டேட் தொழிற்சாலையில் டீ மேக்கர். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் காலையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, துப்பி, "இது தேறும், இது தேறாது" என்று சொல்வதுதான் அவர் வேலை. அவர் மூக்கில்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். வயசு முப்பத்தைந்துதான், காஜாங் தமிழ்ப் பையன். ஆனாலும் மேனேஜர் என்றால் இங்கே துரைதான். அந்தத் துரை ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மத்தியானம் அக்காவையும் கூட்டிக்கிட்டு என் பங்களாவுக்கு வாங்க. கோலாலம்பூர்லேர்ந்து என் கூட்டாளி வர்றாரு. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன்னு பாடம் எடுக்கறவரு. பாத்து வச்சுக்கங்க. அதே மாதிரி நாம டீக்குப் பண்ணப் போறோம். டூரிஸ்ட்டுங்க முன்னால நீங்கதான் உக்காந்து பேசணும். சம்பளமும் ஏறும்லா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரோ இரண்டு நாள் தொழிற்சாலையே கதியென்று கிடந்தார். மூன்றாம் நாள், "எனக்கு இதெல்லாம் சரிப்படாது சரசு" என்றார். கூச்சம் என்று நினைத்தேன். "வந்த லட்சுமிய வாசல்ல நிக்க வைக்காதீங்க" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

அதட்டிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். ஐம்பத்தொரு வயசில் முதல் வைன். சாமி கும்பிட்டுவிட்டுப் போவதா, வந்து தலைக்குக் குளித்துவிட்டுக் கும்பிடுவதா? காலண்டரைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கிருத்திகையும் இல்லை, ஏகாதசியும் இல்லை. தப்பிக்க வழியே இல்லை.

போனோம். மேசையில் எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று கிளாஸ். ஊற்றியதோ கால்வாசி! இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய கிளாஸ் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

துரையின் கூட்டாளியை வைன் வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு வெள்ளை வைன். "குடிக்காதீங்க. மூக்க உள்ள விடுங்க. என்ன வாசம் தெரியுது?"

ஒருவர் பச்சை ஆப்பிள் என்றார். எஸ்டேட் கிராணியின் மனைவி, கணக்கும் கடிதமும் பார்க்கிறவரின் சம்சாரம், "மழ பெஞ்ச கல்லு" என்றார். கல்லுக்கு ஏது வாசம்? என் முறை வந்தது. கோயில் பிரசாதக் கூடையில் இரண்டு நாள் கிடந்த பேரிக்காய் வாசம் வந்தது. அதையே சொன்னேன். "பிரமாதம் டீச்சர்" என்றார் வாத்தியார். பாராட்டா, கேலியா? இன்றுவரை தெரியாது.

அப்போது பக்கத்தில், சர்ர்ர்ர்...

எங்கள் வீட்டுக்காரர்தான். தொழிற்சாலைப் பழக்கம். மேசையே திரும்பிப் பார்த்தது. நான் மேசைக்கடியில் அவர் தொடையைக் கிள்ளினேன். கல்யாணமான இருபத்து நான்கு வருஷமாக இந்த உறிஞ்சலுக்காகத்தான் வீட்டில் சண்டை. வாத்தியார் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா? இப்படித்தான் குடிக்கணும். காத்தோட உறிஞ்சுனாத்தான் வாசம் மூக்குக்கு ஏறும்" என்றார். கிள்ளிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு சாப்பாடு. இறால் சம்பல் ஒரு வாய், லேசாக இனிக்கும் இரண்டாவது வெள்ளை வைன் ஒரு வாய். நாக்கில் பற்றிய தீ அப்படியே அடங்கியது. சிவப்பு வைனைத் தனியாகக் குடித்தால் அரைமணி நேரம் கொதித்த டீத்தூள் தண்ணி, ஒரே துவர்ப்பு. ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்தால் அதே வைன் சாதுவாகிவிட்டது. தெரியாத்தனமாக அதையே சம்பலோடு குடித்துத் தொலைத்தேன், காது வரைக்கும் எரிந்தது.

ஒரே வாய், ஒரே வைன். சாப்பாட்டை வைன் மாற்றுகிறதா, வைனைச் சாப்பாடு மாற்றுகிறதா?

"ரெண்டுந்தாங்க டீச்சர்" என்றார் வாத்தியார். வகுப்பில் என் மாணவன் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். ஆனால் ஒன்று, எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் இன்னும் குழப்பம்.

கடைசியில் வாத்தியார் இவர் பக்கம் திரும்பினார். "சண்முகம் சார், நீங்க தொழில்காரரு. இந்தச் செவப்புல என்ன வாசம்?"

இவர் கிளாஸை மூக்கருகே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மேசை காத்திருந்தது.

"ஒன்னும் தெரியல சார். வாயில துவர்ப்பு தெரியுது. வாசம் எதுவும் தெரியல."

எல்லோரும் சிரித்தோம். ஒருவர் கையே தட்டினார். "அண்ணே, டூரிஸ்ட்டுகிட்டயும் இதே மாதிரி ஜோக் அடிங்க" என்றார் துரை. நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பும் வழியில் ஒரே பனி. காரில் நான் விடவில்லை. "அத்தன பேரு முன்னால கேலியா? நாலு வார்த்த சொன்னா என்ன? அந்தம்மா கல்லு வாசம்னு சொல்லுது, நீங்க..."

ஒரு ஸ்ட்ராபெரிக் கடை ஓரமாகக் காரை நிறுத்தினார்.

"கேலி பண்ணல சரசு. நெஜமாவே தெரியல. அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட மூக்கு போயிடுச்சு. டீ வாசம் தெரியல, ஊதுபத்தி தெரியல, ஒன்னும் தெரியல."

காய்ச்சல் வந்து மூன்று மாதம்.

"அப்ப அந்தச் சாம்பாரு?"

"தீஞ்சு போச்சுன்னு நீ பேப்பர்ல எழுதுன பெறகுதான் எனக்கே தெரியும்."

வாசகர்களே, இதற்கு என்ன செய்வீர்கள்? அழுவதா, மூன்று மாதம் மறைத்ததற்குச் சண்டை போடுவதா? எதுவும் புரியாமல் இறங்கிப் போய் ஒரு பாக்கெட் ஸ்ட்ராபெரி வாங்கி வந்தேன். அவர் கையில் ஒன்றைக் கொடுத்தேன். "புளிக்குது" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலையை எப்படிச் சமாளித்தார்? இலையின் நிறத்தைக் கண்ணால் பார்ப்பாராம். விரலில் நசுக்கிப் பார்ப்பாராம். வாசத்துக்கு மட்டும், கூட வேலை செய்யும் செல்வியிடம், "நீ என்ன சொல்ற?" என்று சோதிப்பது போலக் கேட்பாராம். அவளும் அண்ணன் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். "இப்ப டூரிஸ்ட்டு முன்னால உக்காந்து எப்படி சரசு பொய் சொல்றது? மூக்கு இல்லாத டீ மேக்கர யாரு வச்சுக்குவா?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் அவரே துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாராம். "முதல்ல டாக்டரப் பாருங்கண்ணே. டூரிஸ்ட்டு எங்க ஓடிப்போறான்? அதுவரைக்கும் கிண்ணம் செல்வி கையில" என்றாராம். மூக்கு வராவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

டாக்டரோ மருந்து எதுவும் தரவில்லை. காலையும் மாலையும் நாலு வாசனைப் பொருளை முகர்ந்து பழகச் சொன்னார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இந்த உலகத்தில் யார்தான் நேராகப் பதில் சொல்கிறார்கள்?

ஆக, எங்கள் மேசையில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், பெருங்காயம். நாலாவதாக, வாத்தியார் கொடுத்தனுப்பிய மீதி வெள்ளை வைன். தோசை மாவுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பூஜை அறைக்குப் போகிற வழியில் ஒருத்தர் வைன் பாட்டிலை முகர்ந்துகொண்டு நிற்கிறார் என்று பக்கத்து வீட்டில் என்ன பேசுகிறார்களோ.

சாப்பாட்டு வேளையில் நான்தான் வைன் வாத்தியார். "இது ரசம். மொதல்ல மிளகு வரும், பின்னால புளி, கடைசியில கொத்தமல்லி." அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். "சொல்லிக்கிட்டே இரு" என்பார். தெரிகிறதா என்று கேட்டால் தலையாட்டுவார். ஆமாமா, இல்லையா? அதுவும் புரியாது.

ஏழு வாரம் இப்படியே போனது.

போன வியாழக்கிழமை சாயங்காலம். நான் கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "சரசு, பாலு தீயுது."

தினமும் கேட்கிற வார்த்தை மாதிரி, "இதோ" என்றேன். சிவப்புப் பேனா பாதித் தாளில் நின்றது. அடுப்பு பின்கட்டில் இருக்கிறது. வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது.

நான் அடுப்புக்கு ஓடவில்லை. வாசலுக்கு ஓடினேன். "என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"பாலு தீயுதுன்னேன். நாத்தம் தாங்கல" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் அழுதோம். பால் நிதானமாகக் கருகியது.

அந்தப் பாலில்தான் காப்பி போட்டேன். ஒரு வாய் உறிஞ்சினார், சர்ரென்று. முகத்தைச் சுளித்தார். "என்னா சரசு இது, வாயில வைக்க முடியல" என்று கிளாஸைத் தள்ளி வைத்தார்.

உத்தம புருஷன் என்று எழுதினேனே, அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எனக்கு இவர் போதும்.

தீய்ந்த பாலுக்கு எந்த வைன் பொருந்தும் என்று மட்டும் வாத்தியாரைக் கேட்க வேண்டும்.