தசரதனின் குடித்தனக்காரர்கள்

தசரதன் வாயைத் திறந்தால் பொட்டல் காடும் பங்களாவாகிவிடும். பூந்தமல்லிப் பக்கம் அவன் வீட்டுத் தரகன். யாருக்காவது வீடு காட்டினால், கூட்டாளி நஜீரையும் வாங்க வந்தவரைப் போலக் காரில் வந்து இறங்கச் சொல்வான். நஜீர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்றைக்கே அட்வான்ஸ் என்பார். நிஜமாக வாங்க வந்தவர், வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று கேட்டதற்கு மேலேயே கொடுப்பார்.

காலையில் தசரதன் அவிழ்த்துவிட்ட விலை, மாலையில் டீக்கடையில் அவன் காதுக்கே ஊர் நிலவரமாகத் திரும்பி வந்தது. கூத்தைப் பாருங்கள், அதை அவனே நம்பிவிட்டான்! ஆசைதான், வேறென்ன. மனைவி பேபியை நச்சரித்து, குமணன்சாவடியில் அவள் அப்பா கொடுத்த வீட்டை விற்றான். சென்னீர்குப்பத்துப் புது அடுக்குமாடியில் ஒரு மாடியையே வாங்கிப் போட்டு, அதில் ஒரு வீட்டில் குடியேறினான். மற்ற மாடிகளை வாங்கியவர்களும் விற்கத்தான் வாங்கியிருந்தார்கள். குடியிருக்க ஒரு ஈ காக்கை வரவில்லை. விலை சரிந்தது. நஜீரும் வருவதை நிறுத்தினார்.

ஆள் இருக்கிற இடம்தானே விலைபோகும்? பொழுது சாய்ந்ததும் பூட்டிய வீடுகளில் விளக்குப் போட்டு, கொடியில் புடவையும் குழந்தைச் சட்டையும் காயப்போடச் சொல்லி பேபியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தான். எல்லாரும் குடி வருகிற வரைக்கும்தான் என்றான். முதலில் முணுமுணுத்தாள். பிறகு அவளே ஆசையாகக் கிளம்பினாள். திரும்பி வரத்தான் நேரமானது. ஒரு நாள் டம்ளரில் பால் ஆற்றி எடுத்துப்போனாள். யாருக்கு என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அனுசுயா என்று ஒரு நர்ஸ் வந்தாள். எதிர்வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது. இது மட்டும் கைமாறினால் பேபியை இங்கிருந்து கூட்டிப்போய்விடலாம், வாடகை வீடானாலும் பரவாயில்லை என்று தசரதன் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டான்.

அக்கம்பக்கம் எப்படி என்று அனுசுயா விசாரித்தாள். பேபியின் முகம் மலர்ந்தது. எல்லாரும் தங்கமான மனுஷர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் இருமல் விடவில்லை, பாவம் என்றாள். நான் பார்க்கிறேனே என்றாள் அனுசுயா. தசரதன் தடுப்பதற்குள் பேபி பக்கத்து வீட்டின் வெளிப்பூட்டைத் திறந்துவிட்டாள்.

வெற்று அறை. தரையில் மடித்து வைத்த சின்னச் சட்டை. பக்கத்தில் ஆடை படிந்த பால். பேபி குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தைத் தட்டிக்கொடுத்தாள். அனுசுயா விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

தசரதன் அலறினான். "இங்க யாருமே இல்லடி!"

பேபி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீதானய்யா சொன்னே, எல்லாரும் குடி வருவாங்கன்னு. வந்துட்டாங்க. கத்தாதே, புள்ள இப்பதான் தூங்குது."

அவன் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். அழுகை ஓய்ந்தபோது அந்த இருமல் அவனுக்கும் கேட்டது.