கொடியேற்றத்துக்குக் கழுவிய குளிர்சாதனப் பெட்டி

நல்லூர்த் திருவிழாவின் பதினெட்டாம் நாள், காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். அண்ணையின் அறைக்குள் போனபோது நான் முதலில் கண்டது தண்ணீர்ச் செம்பு. இரவு நிரப்பி வைத்தது, அடிவரை வெறுமையாக இருந்தது. அதன் பிறகுதான் அண்ணையைப் பார்த்தேன். கண் அரைவாசி திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. மூச்சு ஆழமாக வந்துகொண்டிருந்தது. மறுநாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் அதுவும் நின்றது.

அண்ணை அளவெட்டியில் பிறந்தவர். எங்கள் தகப்பனார் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய், குளிர்சாதனப் பெட்டி திருத்தும் பட்டறையொன்றில் தொழில் பழகினார். அவர் அனுப்பிய காசில்தான் நான் படித்தேன். பத்திரிகை ஒன்றில் அச்சுப் பிழை பார்க்கும் ஒப்புநோக்குபவராக வேலைக்குச் சேர்ந்தேன். பின்னர் அண்ணை கொக்குவிலில், தண்டவாளத்துக்கு அருகே, சிறிய கடை ஒன்றைப் போட்டார். இடப்பெயர்வுகளில் அந்தக் கடையை இரண்டு தரம் இழந்து இரண்டு தரமும் திரும்பக் கட்டினார். அண்ணி காலமான பிறகு, மகனும் கனடாவில் இருந்தபடியால், வீட்டில் அண்ணையும் நானும் மட்டுமே இருந்தோம்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். பழுது என்று யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் முதலில் பெட்டியைத் திறக்கமாட்டார். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள், பிளக் இறுக்கமா என்று பார்ப்பார். பத்திரிகைத் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுப்பார்; தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு றப்பர் போய்விட்டது. காய்கறித் தட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றால் அடைபட்ட வடிகால் துளையைக் குத்திவிட்டு, காசு வேண்டாம், போங்கோ என்பார். மோட்டர் நிற்காமல் ஓடினால் புறங்கையால் பின்பக்கக் குழாய்களைத் தொடுவார். சுட்டால் உள்ளே குளிரூட்டும் காஸ் இருக்கிறது. சுடாவிட்டால் காஸ் போய்விட்டது. தொட்டுப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமாட்டார்.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் கடையில் நிற்க இடமிருக்காது. விரதத்துக்காக எல்லா வீடுகளிலும் மீனை வெளியே எடுத்து, மச்ச வாடை போகக் கழுவுவார்கள். ஐஸ் கரையும்வரை பொறுமை இல்லாமல் கத்தியால் குத்துவார்கள். கத்தி மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும்; காஸ் வெளியே போய்விடும். ஒருமுறை ஓட்டோவில் பெட்டியைக் கொண்டுவந்த பெண், "ஐயா, தன்பாட்டிலை பழுதாப் போச்சு" என்றார். அண்ணை உள்ளே பார்த்துவிட்டு, "தன்பாட்டிலையோ? ஓம் பிள்ளை, கத்தியும் தன்பாட்டிலைதான் வந்திருக்கு. உங்கடை வீட்டுக் கத்தியோ, இரவல் கத்தியோ?" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார்.

இந்த ஆண்டு அண்ணை கடைக்குப் போகவில்லை. நீரிழிவால் காலில் வந்த புண் ஆறாமல் படுக்கையில் இருந்தார். கொடியேற்றத்துக்கு முதல் நாள் எங்கள் பெட்டியை நான் கழுவினேன். ஐஸைக் கத்தியால் குத்தினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஐஸ் வெடித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

விரத நாட்களில் பழைய சாப்பாடு எடுத்து வைப்பதில்லை. பாலும் அன்றன்றைக்கு வாங்குவதுதான். ஆகவே பெட்டிக்குள் பழுதாக ஒன்றும் இருக்கவில்லை. கதவுத் தட்டில் அண்ணையின் இன்சுலின் போத்தல்கள் மட்டும் இருந்தன. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் அண்ணை அறையிலிருந்து கேட்டார்.

"தங்கச்சி, மோட்டர் நிக்கிறேல்லையே?"

"திறந்து திறந்து மூடினனான், அதுதானாக்கும்."

"ஐஸ் உடைக்கேக்கை கத்தி வைச்சனியோ?"

"இல்லை அண்ணை."

"பின்பக்கம் தொட்டுப் பார். சுடுதோ?"

நான் அடுப்படியில் நின்றேன். தொடவில்லை. "ஓம், சுடுது" என்றேன். கத்தி வைக்காதையுங்கோ என்று முப்பது வருடம் அவர் ஊருக்குச் சொன்னதை அவருடைய வீட்டிலேயே மீறினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

காலையும் மாலையும் அந்தப் போத்தல்களிலிருந்தே ஊசி போட்டேன். அவருக்குத் தாகம் கூடியது. வெய்யில் என்று நினைத்தேன். இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவிக்குச் சோதனைப் பட்டி முடிந்திருந்தது; திருவிழா முடிய வாங்குவோம் என்றிருந்தோம்.

மருந்து ஒழுங்காகப் போட்டீர்களா என்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்டார். ஓம் என்றேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பிறிட்ஜில் என்றேன். இரண்டும் உண்மை. அண்ணைக்கு உடுக்கச் சாரம் எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் போத்தலைக் கைக்குள் வைத்துப் பார்த்தேன். அடுப்படியின் சூடு அதிலும் இருந்தது. மருந்து பழுதானதுதான் காரணமா என்று எவரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அண்ணைக்காக அழுத உங்களுக்கு நடந்தது தெரியவேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணையைத் தூக்கிக் காரில் ஏற்றிய அயலவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்த தாதியருக்கும், எட்டு நாளும் சமைத்துக் கொண்டுவந்த உறவினர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து கொள்ளி வைத்த மகனுக்கும் எங்கள் நன்றி.

நெல்லியடியில் இதே தொழில் செய்யும் யோகனுக்கும் நன்றி. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் அவர் கருவிகள் வைத்த பையோடு வந்து நின்றார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

"அண்ணை அப்பவே சொன்னவர் அக்கா. மூண்டாம் திருவிழா அண்டு போன் எடுத்தவர். 'தங்கச்சி கத்தி வைச்சிட்டாள் போலை, சொல்ல வெக்கப்படுறாள். திருவிழா முடிய வா. றப்பர் மாத்த வந்தனான் எண்டு சொல்லு' எண்டவர்."

"மருந்து உள்ளுக்கு இருந்ததே, யோகன்?"

"நானும் கேட்டனான். சின்னக் கசிவாத்தான் இருக்கும், திருவிழா முடியும்வரைக்கும் குளிர் போதும் எண்டவர்."

அண்ணை தொட்டுப் பார்க்காமல் சொன்னது, எனக்குத் தெரிய, இது ஒன்றுதான்.

துளையை ஒட்டிக் காஸ் நிரப்ப யோகனுக்கு ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் எடுத்தது.