படத்தை மூடும் கை

வேடசந்தூரில் என் மகளின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் குள்ளமானவர். விரல்களில் எப்போதும் ஸ்கெட்ச் பேனா மை ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அதுவரை கற்ற எழுத்துகளை மட்டுமே வைத்து, பூச்சி புழுக்களைப் பற்றி அவரே சின்னப் புத்தகங்கள் எழுதுவார். பிள்ளைகள் வாசிக்கும்போது படத்தைக் கையால் மூடிவிடுவார்.

வீட்டில் மகள் படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடுவாள். இவளுக்கு வாசிக்கவே வராதோ என்ற பயத்தோடு ஒருநாள் வகுப்பில் போய் நின்றேன். அவள் எழுத்துக் கூட்டினாள்: "நத்தைக்குப் பல் உண்டு."

"நத்தைக்கு ஏதுடி பல்லு? அடிச்சு விடாம எழுத்தப் பாத்துப் படி."

டீச்சர் சிரித்துவிட்டார். "நெசமாவே இருக்கும்மா. அவ பாத்துத்தான் படிச்சா. அடிச்சு விடுறது நீங்கதான்."

குனிந்து பார்த்தேன். அப்படியேதான் எழுதியிருந்தது. அந்த வரியை அவர் பிள்ளைகளுக்காக எழுதினாரா, என்னைப் போன்ற அம்மாக்களுக்காகவா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.